உட்கார்ந்து பார்க்கிற வேலை

மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு நடை போய் வருவது என் வழக்கம். முதலில் பசியாறல், பிறகு புத்தகக் கடை, கடைசியாக உடம்பு பிடித்துவிடும் கடை. தம்பிப்பிள்ளை சாலைப் பக்கம் பார்வையற்றவர்கள் உடம்பு பிடித்துவிடும் கடைகள் பல இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தோன்றியது. அதன் வளாகம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதால், அங்கே தொழில் கற்ற பலர் அந்த வட்டாரத்திலேயே பிழைப்பை அமைத்துக்கொண்டார்கள்.

எனக்கு வழக்கமாகப் பிடித்துவிடும் தம்பி அதிகம் பேசமாட்டார். சென்ற மாதம் கழுத்தில் கை வைத்தவர் சற்று நிறுத்தினார்.

“ஐயா, எழுதற வேலையை இன்னும் விடலையா?”

“விடலை தம்பி. ஏன் கேக்கறீங்க?”

“ரெண்டு தோளும் மேல ஏறிப்போய் நிக்குது. நாக்காலியில கை வைக்கிற கட்டை ஒசரமா இருக்கா?”

நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் அவர் தொடைக்கு வந்துவிட்டார். “இங்க இவ்வளவு இறுகிப் போயிருக்கு. ஒக்காந்தா கால் தரையில படுதா ஐயா?”

படவில்லை. நான்கு வருடங்களாகப் படவில்லை. அதை நான் கவனித்ததே இல்லை. என் நாற்காலியைக் கண்ணால் பார்க்காத ஒருவர், என் உடம்பைத் தொட்டே அதன் வடிவத்தைச் சொல்லிவிட்டார். “சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு வர்ற பிள்ளைங்க முக்கால்வாசிப் பேருக்கு இதே கதைதான். நான் பிடிச்சு விட்டுடலாம். திங்கக்கிழமை நீங்க மறுபடியும் அதே நாக்காலியிலதானே போய் ஒக்காரப் போறீங்க?” என்றார்.

அந்த நாற்காலியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாட்டில் பாதிப் பேர் சாப்பாட்டு மேசையில் ஆபீஸ் நடத்தினார்கள். எங்கள் வீட்டிலும் மகள் ஒரு முனையில் கணக்கு எழுத, நான் மறுமுனையில் கட்டுரை எழுத, நடுவில் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மாதம் ஓட்டிய பிறகு, கடை திறந்ததும் ஓடிப்போய் நான் வாங்கியது ‘டைரக்டர் சேர்’. கறுப்புத் தோல், தலைக்கு மேல் உயர்ந்த முதுகு, பளபளக்கும் இரும்புக் கால். 850 வெள்ளி. கடையில் அரை நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன், மேகத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மகள் இணையத்தில் படம் பார்த்து, பந்தயக் கார் இருக்கை போல் சிவப்பும் கறுப்புமாய் ஒன்றை வரவழைத்தாள். இரண்டுமே தவறான நாற்காலிகள் என்று புரிய இத்தனை வருடமும் ஒரு பார்வையற்றவரின் விரல்களும் தேவைப்பட்டிருக்கின்றன.

ஏன் அந்த டைரக்டர் சேரை வாங்கினேன் என்று ரயிலில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். விலையும் பளபளப்பும் மட்டும் காரணமில்லை.

அப்பா கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டு பிரியுமுன் கிளம்பினால் மரத்துக்கு மரம் நடை, குனிந்து வெட்டு, நிமிர்ந்து நடை, பிறகு பால் வாளி சுமை. வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்திருந்தவர் கிராணி. சம்பள நாளில் அப்பா வரிசையில் நிற்பார், நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கிராணியின் நாற்காலியையே பார்ப்பேன். கைப்பிடி வைத்த மர நாற்காலி. உட்காரும் இடத்தில் பிரம்புப் பின்னல். “படிச்சு, உக்காந்து பாக்கிற வேலைக்குப் போயிடு” என்பது அப்பா எங்களுக்குச் சொன்ன ஒரே புத்திமதி. தோட்டத்தில் பிறந்த என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே வார்த்தைகளைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்போம். நாற்காலி எங்களுக்குச் சாமான் இல்லை, கௌரவம். அதனால்தான் வாங்கப் போனால் உடம்பை மறந்துவிட்டு, எது பெரியதோ அதைக் கை காட்டுகிறோம்.

பிரிக்பீல்ட்ஸே ஒரு காலத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் பேட்டைதான். மலாயா ரயில்வேக்குக் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். அவர்களைப் போன்ற அரசு ஊழியர்களுக்காகச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகள் பின்னர் இடிபட்டுவிட்டன. அந்தத் தலைமுறை ஆபீசுகளில் பயன்படுத்தியதும் பிரம்புப் பின்னல் நாற்காலிதான். நம் வெயிலுக்கு அது பொருத்தமானது. காற்று புகும், வியர்வை தங்காது, உடம்பின் எடைக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பிரம்பு பின்னுவதைப் பார்வையற்றவர்களுக்குக் கைத்தொழிலாகக் கற்றுத் தருவது உலகம் முழுக்க இருந்த வழக்கம் என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

1994-இல் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனம் ‘ஏரோன்’ என்ற நாற்காலியை வெளியிட்டபோது மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு வலைத் துணியைக் கட்டியது. பில் ஸ்டம்ப், டான் சாட்விக் என்ற இருவர் வடிவமைத்தது. இன்று கடைகளில் ‘மெஷ்’ என்று விற்கப்படும் நாற்காலிகளை உலகமெங்கும் பிரபலமாக்கியது அதுதான். எங்கள் தோட்டத்துக் கிராணி அதைப் பார்த்திருந்தால் ‘நம்ம பிரம்புதானே’ என்றிருப்பார். ஆனால் அதில் வேறொரு விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதை ஏ, பி, சி என்று மூன்று அளவுகளில் செய்தார்கள். சட்டைக்கும் செருப்புக்கும் அளவு கேட்கிற நாம் நாற்காலிக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் தையல் நாடாவை எடுத்தேன்.

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். செருப்பில்லாமல் உட்கார்ந்து, முழங்காலின் உள்மடிப்பிலிருந்து தரை வரைக்கும் அளந்தால் 40 சென்டிமீட்டர். மகள் ஐந்தடி, அவளுக்கு 37. என் டைரக்டர் சேரை முழுக்க இறக்கினாலும் 47-க்குக் கீழே வரவில்லை. ஏழு சென்டிமீட்டர் அந்தரத்தில் என் கால்கள் தொங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. இருக்கையின் முன் விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்துகிறது, அதனால்தான் பிற்பகலில் கால் மரத்துப் போகிறது. ஆபீஸ் நாற்காலிகளின் கணக்கில் சப்பாத்தின் உயரத்தையும் சேர்த்துக்கொள்வார்கள் என்பது இன்னொரு சங்கதி. நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு இருப்பவர்கள். ஆபீசில் பொருந்தும் நாற்காலி வீட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமாகிப்போவது இதனால்தான்.

உயரத்தோடு ஆழத்தையும் பார்க்க வேண்டும். முதுகு சாய்மானத்தில் நன்றாக ஒட்டியிருக்கும்போது, இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். என் டைரக்டர் சேரில் ஒரு விரல்கூட நுழையாது. முதுகு சாய்ந்தால் கால் எட்டாது, கால் எட்டினால் முதுகு சாயாது. நான்கு வருடம் அந்த உயர்ந்த முதுகுச் சாய்மானத்தை வைத்துக்கொண்டு, முக்காலியில் உட்காருவதுபோல விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறேன். 850 வெள்ளியில் பாதிக்கு மேல் என் முதுகுக்குப் பின்னால் சும்மா நின்றிருக்கிறது.

அடுத்து மேசை. இதை யாரும் சொல்வதில்லை, நாற்காலி வாங்கப் போகுமுன் மேசையைத்தான் அளக்க வேண்டும். என் மேசை 75 சென்டிமீட்டர். நாற்காலியை என் காலுக்கு ஏற்றபடி 40-க்கு இறக்க முடிந்தாலும், முழங்கை 63-இல் நிற்கும். மேசைக்கும் கைக்கும் பன்னிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். தோளைத் தூக்கிக்கொண்டுதான் தட்டச்சு செய்ய முடியும். ஆகவே குள்ளமானவர்களுக்கு இரண்டே வழி. மேசைக் காலை அறுக்க வேண்டும், அல்லது நாற்காலியை மேசைக்கு ஏற்றபடி உயர்த்திவிட்டு, காலுக்கு அடியில் ஒரு பலகை கொடுக்க வேண்டும். நான் இரண்டாவதைப் பிடித்தேன். நாற்காலி 50, பலகை 10. அந்தப் பலகை ஒரு கதை, கடைசியில் சொல்கிறேன்.

மேசை, பலகை கணக்கு முடிந்த பிறகுதான் நாற்காலி தேட ஆரம்பித்தேன். இந்த முறை மகளோடு, செக்கன் ஹேண்ட் ஆபீஸ் சாமான் விற்கும் ஒரு கிடங்குக்குப் போனேன். ஆபீசுகள் இடம் மாறும்போதும் மூடும்போதும் கழிக்கும் நாற்காலிகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட கிடங்குகளுக்கு வந்து சேர்கின்றன. புதிதில் நாம் கனவிலும் தொடாத விலைக்கு விற்றவை, துணி கொஞ்சம் மங்கிப்போய்ப் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். புதியது வாங்கினால்தான் நல்லது என்ற நினைப்பை இந்த ஒரு சாமானிலாவது விட்டுவிடலாம் என்பேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்து இருக்கை தானாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் நடுவில் இருக்கும் எரிவாயுத் தண்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை மட்டும் மாற்றலாம், ஆனால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அடியில் ஐந்து கால் இருக்க வேண்டும். நான்கு கால் நாற்காலி சக்கரம் வைத்தால் பக்கவாட்டில் சாயும்.

சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடினமான நைலான் சக்கரம் கம்பளத் தரைக்கு ஏற்றது. நம் வீடுகளில் டைல்ஸ் தரை. அதில் கடினச் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும், சத்தமும் போடும். ரப்பர் போல மென்மையான சக்கரம் கேட்டு வாங்குங்கள். அதைத் தனியாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

தோல் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. கடையில் தோல் என்று சொல்வது பெரும்பாலும் துணிமேல் பூசிய பிளாஸ்டிக் படலம். நம் ஊர் ஈரக்காற்றும் வியர்வையும் பட்டு அந்தப் படலம் உடைந்து, இரண்டு மூன்று வருடத்தில் மீன் செதில் போல உரிய ஆரம்பிக்கும். என் சட்டை முதுகில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டியிருப்பதைப் பார்த்து பேரன் சிரித்த நாள் உண்டு. துணியோ வலையோதான் நமக்குச் சரி. வலையிலும் இருக்கைப் பகுதி தளர்ந்து தொங்குகிறதா, முன் விளிம்புச் சட்டம் தொடையில் கட்டையாகத் தட்டுகிறதா என்று அழுத்திப் பாருங்கள். மலிவான வலையைவிட நல்ல அடர்த்தியான மெத்தை மேல்.

கைக்கட்டை ஏறி இறங்குவதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கைக்கட்டையே இல்லாத நாற்காலி நல்லது. என் பழைய நாற்காலியின் அசையாத கைக்கட்டைதான் தோளை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. தம்பி சொன்னது அப்படியே சரி. அதோடு அது மேசை விளிம்பில் முட்டி, என்னை மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளியே வைத்திருந்தது. அதனால் குனிந்தேன், குனிந்ததால் கழுத்து.

இடுப்புக்குச் சற்று மேலே உள்ளே வளைந்திருக்கும் இடத்தைச் சாய்மானம் தாங்க வேண்டும். இந்தத் தாங்கலும் மேலே கீழே நகர்வதாக இருந்தால் நல்லது. மகளின் பந்தயக் கார் இருக்கையில் அதற்கென்று ஒரு சிறு தலையணை உண்டு, ஆனால் அவள் உயரத்துக்கு அது தோள்பட்டை எலும்பில் வந்து முட்டியது. விறைப்பாக நேரே உட்காருவதுதான் நல்ல பழக்கம் என்று பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களிலேயே முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தவர். சாய்மானமில்லாமல் உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் கூடுகிறது என்று கண்டார். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, எடையைச் சாய்மானத்திடம் கொடுத்தால் வட்டுகளின் சுமை குறைகிறது. ஆகவே சாய்ந்து உட்காருங்கள், கிராணி போல நிமிர்ந்து உட்கார வேண்டாம். சாய்மானம் உங்களோடு ஆடி அசையும்படி பூட்டை விடுவித்து வையுங்கள்.

கிடங்கில் நானும் மகளும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆளுக்கு ஐந்தாறு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம். கடைக்காரச் சீனர் முதலில் முறைத்தார், பிறகு காப்பி வாங்கித் தந்தார். அரை நிமிடத்தில் எல்லா நாற்காலியும் சொர்க்கம்தான். பத்தாவது நிமிடத்தில்தான் அவற்றின் குணம் வெளியே வரும். மகளுக்கு இருக்கையின் ஆழத்தை முன்பின்னாக நகர்த்தக்கூடிய ஒரு நாற்காலி அமைந்தது. எனக்கு மங்கிய நீலத்தில் ஒன்று. இரண்டும் சேர்த்து 700 வெள்ளி. “ஒக்கார்ற சாமானுக்கு இவ்வளவா?” என்று மனைவி கேட்டாள். உடம்பு பிடித்த காசையும் தைலம் வாங்கிய காசையும் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். அவள் கூட்டவில்லை.

வேலையிடத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நல்ல நாற்காலி கேட்பது சொகுசு கேட்பதல்ல. நம் நாட்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2003-லேயே உட்கார்ந்து செய்யும் வேலைக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் வீட்டுப் பணியாளர், ஆயுதப் படை, கப்பல் வேலை போன்ற சில விலக்குகள் நீங்கலாக எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. கிள்ளான் துறைமுகத்தை நம்பி மாடிப்படிக்கு மேலே நான்கு பேரோடு நடக்கும் சரக்கு ஏஜென்சி ஆபீசும் அதில் அடக்கம். முதலாளியிடம் சண்டை போடச் சொல்லவில்லை. அளவு நாடாவோடு போய், இவ்வளவு சென்டிமீட்டர் வித்தியாசம் என்று காட்டிக் கேளுங்கள். “வலிக்குது சார்” என்பதைவிட எண்ணுக்கு மரியாதை அதிகம்.

உட்கார இடமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பதும் மறக்கக்கூடியதல்ல. ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்காக 2018-இல் கேரளமும், 2021-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் இருக்கை கட்டாயம் என்று ஆக்கின. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சேலை எடுக்கப் போகும்போது, நமக்கு நாற்காலி போட்டுவிட்டு எதிரே நின்றுகொண்டிருக்கும் அந்தப் பெண் எத்தனை மணிக்கு உட்கார்ந்தாள் என்று நான் இப்போது கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள்.

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அதில் தொடர்ந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அதுவும் கெட்ட நாற்காலிதான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருக்க, பெரிய தண்ணீர்ப் போத்தலுக்குப் பதில் சிறிய குவளை வைத்துக்கொண்டேன். தீர்ந்தால் எழுந்துதானே ஆக வேண்டும். மடிக்கணினிக்கு அடியில் நான்கு தடித்த புத்தகங்களை வைத்துத் திரையை உயர்த்தி, விசைப்பலகையைத் தனியாக வாங்கிக்கொண்டதும் கழுத்துக்கு நல்லதாயிற்று. ஆனால் வலி காலில் இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ நாற்காலிக் கடைக்கும் போக வேண்டாம், உடம்பு பிடிக்கவும் போக வேண்டாம். நேரே டாக்டரிடம் போங்கள்.

பலகைக் கதை பாக்கி. முதலில் பழைய மஞ்சள் பக்கத் தொலைபேசிப் புத்தகங்கள் இரண்டைக் காலுக்கு அடியில் வைத்தேன். “புஸ்தகத்தை மிதிக்கிறதா?” என்று மனைவி எடுத்துப் போய்விட்டாள். அடுத்து சமையலறையில் சும்மா கிடந்த மணைப்பலகையை எடுத்து வந்தேன். நான்கு அங்குல உயரம், அளந்து செய்ததுபோல் பத்து சென்டிமீட்டர். இரண்டு நாள் சொகுசாக இருந்தது. மூன்றாம் நாள் அதுவும் காணவில்லை. தோட்டத்து வீட்டில் வேலை முடிந்து வந்து அப்பா சாப்பிட உட்கார்ந்த மணை அது. நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை.

இப்போது மேசைக்கு அடியில் இருப்பது, பக்கத்து வீட்டுத் தச்சர் மிச்ச மரத்தில் கொஞ்சம் சரிவாக அடித்துக் கொடுத்த பலகை. காசு வேண்டாம் என்றுவிட்டார். மணை பழையபடி சமையலறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது.